முதல் அழைப்பில் வைத்த காவல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருடைய போன் சார்ஜ் ஏறாவிட்டாலும் அது என்னிடம்தான் வரும். ரைஸ் குக்கர் வந்திருக்கிறது. ஒருமுறை மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியே வந்தது. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதையும் பாராமல் பூசாரி அதைத் தோளில் சுமந்து வந்து எங்கள் வாசலில் இறக்கினார். கம்பியூட்டர் படித்த பிள்ளை என்றால் கரண்ட் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவள்தான் வைத்தியர் என்பது எங்கள் ஆட்களின் முடிவு. உண்மையில் நான் இன்றுவரை எதையும் திருத்தியதில்லை. மற்றவர்கள் செய்து வைத்ததில் எங்கே பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. திருத்துவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளமும் கூட.

இதை ஒருநாள் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அம்மா மார்கிரட் கொழுந்து எடுக்கப் போகிறவர். தலைத்துண்டை உதறி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபுடிக்கிறதுக்கு சம்பளம் குடுக்குறாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப சரி. ஒனக்கு சின்னதுலருந்தே கைவந்த தொழில்தான் அது" என்றார்.

என் பெயர் டெல்சி. வட்டகொடை ஸ்டேஷனில் நின்று பார்த்தால் எதிர்மலையில் வரிசை வீடுகளாகத் தெரிகிற லயங்களில் மேட்டு லயம் எங்களுடையது. ஹட்டனில் கம்பியூட்டர் கோர்ஸ் முடித்தேன். முடித்த கையோடு தலவாக்கலையில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்தேன். படிப்புக்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், படித்தவர்கள் நிறைய, கம்பியூட்டர்கள் கொஞ்சம். கடையில் முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் "அக்கா, இது சாயம் போகும், வேணாம்" என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிடுவேன். அதனால் என்னைத் தேடி நிறையப் பேர் வந்தார்கள். யாரும் எதையும் வாங்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனி என்னை எடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகுவதற்கு ஒரு மென்பொருள் செய்கிறார்கள். பிள்ளை எழுதிய புரோகிராம் தப்பாக ஓடினால் அதை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு அடியாகப் பார்க்க அதில் ஒரு கருவி இருக்கிறது. அதற்கு டிபக்கர் என்று பெயர். பிழை கண்டுபிடிக்கிற அந்தக் கருவியிலேயே பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் புடவைக்கடை இருக்கவே இருக்கிறது. முதலாளி என்னைத் திரும்ப எடுப்பாரா என்பது வேறு விஷயம்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். வீடு இருந்தது, சிக்னல் இல்லை. மலையெல்லாம் ஏறி இறங்கித் தேடிய பிறகு அது பிள்ளைமடுவத்துப் பின்ஜன்னலில் மட்டும் நன்றாக விழுகிறது என்று தெரிந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அதற்குப் பொறுப்பாக இருப்பவள் வினோதா. பூண்டுலோயாவிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், என் வயதுதான். ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து தொட்டில்களுக்கு நடுவே மென்பொருள் துறை இயங்கி வருகிறது. கொழும்பிலிருந்து போன் கோல் வந்தால் பின்னால் அழுகைச் சத்தம் கேட்கும். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று மனிதவளப் பிரிவில் ஒருவர் மரியாதையாக விசாரித்திருக்கிறார்.

என் பொறுப்பாளர் கஜேந்திரன் அண்ணன். ராகலைக்காரர், கொழும்பில் இருக்கிறார். நல்ல மனிதர். அவருடைய நல்ல குணத்தை நான் எவ்வளவு சோதித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வந்த புதிதில், மதிப்பைப் போட்டு வைக்கிற பெட்டியான வேரியபிளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிகிறது, எதற்கென்று புரியவில்லை என்று அறிக்கை அனுப்பினேன். கொழும்பில் மூன்று பேர் உட்கார்ந்து தேடினார்கள். கடைசியில் அது என் திரையில் ஒரு பிள்ளை தடவிவிட்டுப் போன பருப்புச்சோறு என்று தெரிந்தது. அடுத்தது, மென்பொருள் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது என்று எழுதினேன். மேகம் இறங்கினால் எங்கள் சிக்னல்தான் உறைந்து நிற்கும்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய அவமானம். அதைச் சொல்வதற்கு முன் ரிக்கர்ஷன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய புரோகிராம் துண்டு, தன் வேலையின் நடுவே தன்னையே இன்னொரு தடவை கூப்பிடுவதுதான் அது. கோர்ஸில் இது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பிறகு ரொட்டி விற்கிற பாண்காரர் வந்து விளங்க வைத்தார்.

எங்கள் லயத்துக்குப் பாண்காரரின் த்ரீவீலர் ஏறாது. பணிய, கீழே ரோட்டிலேயே நிறுத்திவிட்டு முதல் காம்பரா வீட்டு வேலாயி அக்காவிடம், "லயத்துக்கு எத்தன பாண்?" என்று கேட்பார். அக்காவுக்கு எப்படித் தெரியும்? அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, "அந்தப் பக்கம் எத்தன?" என்று பக்கத்துக் காம்பராவைக் கேட்பார். அவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அதற்கடுத்த காம்பராவைக் கேட்பார்கள். கடைசிக் காம்பராவில் "ரெண்டு" என்றால், அதோடு தன்னுடையதைக் கூட்டி ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்ல, முழுக் கணக்கு வேலாயி அக்காவிடம் வந்து சேரும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வேலை. ஆனால் பாதியில் விட்ட அடுப்பு அவரவருடையது. பதில் வந்ததும் அவரவர் தங்கள் அடுப்புக்குத்தான் திரும்பிப் போவார்கள். ஃபங்ஷனுக்கு உள்ளே எழுதுகிற லோக்கல் வேரியபிள் என்பது அந்த அடுப்பு மாதிரி. ஃபங்ஷன் தன்னைத்தானே எத்தனை தடவை கூப்பிட்டாலும், ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாக ஒன்று. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இவ்வளவு விளக்கமாகத் தெரிந்துவைத்திருந்த நான் என்ன செய்தேன்? 'எல்லா அழைப்பிலும் ஒரே மதிப்பைக் காட்டுகிறது, டிபக்கர் கெட்டுப்போய்விட்டது' என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை அனுப்பினேன். பார்த்தால் என் சோதனைப் புரோகிராமில் வேரியபிளை ஃபங்ஷனுக்கு வெளியே எழுதியிருந்தேன். வெளியே எழுதினால் அது லயத்துக்கெல்லாம் பொதுவான தண்ணீர்ப் பீலி மாதிரி. யார் போய்ப் பார்த்தாலும் அதே தண்ணீர்தான் வரும். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது, கெட்டுப்போயிருந்தது நான்தான்.

அன்று கஜேந்திரன் அண்ணன் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"டெல்சி, ஒன்ன நிரந்தரமாக்கச் சொல்லி நான்தான் எழுதிக் குடுக்கணும். இன்னொரு பொய் ரிப்போர்ட் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பேச ஏலாது. மேல மதுரன் சேர் சும்மாவே கேட்டுக்கிட்டு இருக்காரு."

புலி வருது, புலி வருது என்று பொய்யாகக் கத்தியவன் கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் அது கதை இல்லை. போன மாதம் பணிய லயத்து நாயைத் தூக்கிக்கொண்டு போனது. அதனால் இங்கே யார் புலி என்று கத்தினாலும் எத்தனை தடவை என்று எண்ணாமல் ஆட்கள் ஓடி வருவார்கள். கொழும்பில் அந்த வசதி கிடையாது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் மூச்சுவிடுவதையே இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புதிய வேலை வந்தது. டிபக்கரில் 'காவல்' என்று ஒரு வசதி சேர்த்திருந்தார்கள். ஒரு வேரியபிள் மேல் காவல் வைத்துவிட்டால், அதன் மதிப்பு மாறுகிற நேரத்தில் கருவி புரோகிராமை நிறுத்தி, 'இதோ மாறிவிட்டது' என்று காட்டும். அந்த அழைப்பு முடிந்து வேரியபிளே இல்லாமல் போனால், 'இனிக் காவல் தேவையில்லை' என்று சொல்லிவிட்டுத் தானாக விலகும். இந்தப் பகுதியை எழுதியவர் மதுரன் சேரேதான், கம்பெனியின் தலைவர். தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷனில் இது சரியாக நடக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே 'மீதி' என்று ஒரு வேரியபிள். இந்தத் தடவை உள்ளேதான் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். பிறகு வினோதாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது உள்ளதானே இருக்கு?"

"எதுக்கு உள்ள?"

"இந்த ரெண்டு வளைவுக்கு உள்ள."

"உள்ளதான் இருக்கு. ஒனக்கு என்னாச்சு?" என்றாள்.

முதல் அழைப்பின் 'மீதி'க்கு ஒரு காவல் வைத்தேன். ஃபங்ஷன் தன்னைக் கூப்பிட்டது. இரண்டாவது அழைப்பின் 'மீதி'க்கும் ஒரு காவல் வைத்தேன். ஓடவிட்டேன். இரண்டாவது 'மீதி' மாறியது, கருவி நிறுத்திக் காட்டியது. நல்லது. இரண்டாவது அழைப்பு முடிந்தது, அதன் காவல் சொல்லிவிட்டு விலகியது. ரொம்ப நல்லது. இனி முதல் அழைப்புக்குத் திரும்பி, அங்கே 'மீதி' மாறும்போது முதல் காவல் பிடிக்க வேண்டும். 'மீதி' மாறியது. கருவி நிற்கவில்லை. புரோகிராம் முடிவுவரை ஒரே ஓட்டமாக ஓடி முடிந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா அடுப்பு அணைந்ததும் வேலாயி அக்கா வீட்டுக் காவலையும் யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா வீட்டில் சோறு பொங்கி வழிகிறது, பார்க்க ஆளில்லை.

திரும்பத் திரும்பச் செய்தேன், ஒவ்வொரு தடவையும் அப்படியே. திரையைத் துடைத்துவிட்டும் செய்தேன். மேகம் இல்லாத நேரமாகப் பார்த்தும் செய்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்தவர் குற்றத்தில் இவ்வளவு சந்தோஷப்படுவது பாவம்தான், ஆனாலும் பட்டேன். அன்று காலை முழுக்க, "உள்ளதான் இருக்கு, உள்ளதான் இருக்கு" என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே அறிக்கையை எழுதி அனுப்பினேன். அந்தத் தாளத்தில் இரண்டு பிள்ளைகள் தூங்கிவிட்டதாக வினோதா சொன்னாள்.

மத்தியானம் மதுரன் சேர் நேரே எனக்கே கோல் எடுத்தார். அதுவரை அவர் முகத்தைக் கூட்டத்தில் ஒரு மூலையில் சின்னச் சதுரமாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது திரை முழுக்க இருந்தார்.

"டெல்சி, நீங்க சொன்ன மாதிரியே செய்து பார்த்தேன். எனக்கு வேலை செய்யுது. முதல் காவல் ஒழுங்கா நிக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார்.

"போன முறை மாதிரி வேரியபிளை ஃபங்ஷனுக்கு வெளியில போட்டுட்டீங்களோ?"

"ஆமாங்க சேர்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னது நான்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. "பரவாயில்லை, கவனமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சிறிது நேரத்தில் என் அறிக்கையின் மேல் 'சோதித்தவரின் தவறு' என்று குறித்து மூடிவிட்டார்கள். அதற்கும் கொஞ்சம் பின்னால் கஜேந்திரன் அண்ணன் ஒரே ஒரு வரி அனுப்பினார். "என்னா தங்கச்சி இது."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டில் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வினோதா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்டி ஆமாம்னு சொன்ன?"

"தெரியல."

"என்ன வேற கூப்பிட்டுக் காட்டுன. காலையிலருந்து உள்ளதான் இருக்கு உள்ளதான் இருக்குன்னு உயிர வாங்குன. அந்த ஆளு வெளிய இருக்கான்னு கேட்டதும் ஆமாங்கன்னு சொல்லிட்ட. எனக்கு ஒன் வேலை ஒண்ணும் வெளங்கல. ஆனா இது பொய்யின்னு எனக்கே தெரியுதே."

எனக்கும் தெரிந்தது. அதுதான் வெட்கம். எங்கள் அப்பா பத்திநாதன் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்கிறார். போன வருஷம் புதுத் துரை, தோட்டத்து மேனேஜர், லயத்தைப் பார்க்க வந்து, "கூரையெல்லாம் சரிதானே?" என்று கேட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. அப்பாவுக்குப் பின்னாலேயே ஒழுக்குக்கு வைத்த சட்டியில் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. "சரிங்க தொரை, நல்லா இருக்குங்க" என்றார் அப்பா. துரை போனதும் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. பயந்தாங்கொள்ளி என்றேன், இருநூறு வருஷமாக இப்படியே குனிந்துதான் கெட்டோம் என்றேன், உரிமை என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். கோர்ஸ் படித்த திமிர். அப்பா சட்டித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்தார்.

அவராவது எதிரே துரை நேரில் நிற்கும்போது சொன்னார். நான் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற ஒருவர் திரையில் கேட்டதற்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் அவர் அதட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று பழகிய பரம்பரை. மேலே இருப்பவர் கேள்வியை முடிப்பதற்குள் எங்களுக்குப் பதில் வந்துவிடும். அது என் வாய்க்குள்ளும் குடியிருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

இனி என்ன செய்வது? பேசாமல் இருந்தால் பொய் ரிப்போர்ட் கொடுத்தவள் என்று வேலை போகும். திரும்பப் போய், நான் சொன்னது சரி, ஆமாம் என்றதுதான் பொய் என்றால், பைத்தியம் என்று வேலை போகும். எப்படிப் பார்த்தாலும் புடவைக்கடைதான். இதில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை அந்தக் கருவி பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடும். ரிக்கர்ஷன் விளங்காத ஏதோ ஒரு பிள்ளை அதைத் திறந்து பார்க்கும். கருவி காட்டாமல் விட்டதை அந்தப் பிள்ளை தன் முட்டாள்தனம் என்று நினைத்துக்கொள்ளும். அப்படி நினைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. வேலை போனாலும் சரியான காரணத்துக்குப் போகட்டும் என்று கஜேந்திரன் அண்ணனுக்குக் கோல் எடுத்தேன்.

"அண்ணே, அந்தப் பிழை உண்மைதாங்க."

"நீயேதானே ஆமாம்னு சொன்ன?"

"சொன்னேங்க."

"வெளியிலயா போட்டிருந்த?"

"இல்லைங்க. உள்ளதான் போட்டிருந்தேன்."

"பெறகு எதுக்கு ஆமாம்னு சொன்ன?"

"சேர் கேட்டாருங்க. அதனால சொன்னேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். பிறகு அவர் சிரிப்பது கேட்டது. சந்தோஷமான சிரிப்பில்லை.

"நானும் ராகலையில லயத்துலதான் பொறந்தேன் தங்கச்சி. வேலைக்குச் சேந்த மொத வருசம் ஏலாத வேலைக்கெல்லாம் ஏலும் சேர், ஏலும் சேர்னு சொல்லி முழிச்சவன் நான். நாளைக்குக் காலையில கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால காட்டு. இந்தத் தடவையும் பிழையாப் போச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து சேல விப்போம்."

மறுநாள் காலை வினோதா பிள்ளைகளையெல்லாம் முன்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாள். நான் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டிருந்தேன். திரையில் ஒன்பது சதுரங்கள், அதில் ஒன்று மதுரன் சேர். என் திரையைப் பகிர்ந்து காட்டினேன். இரண்டு காவலும் வைத்து ஓடவிட்டேன். இரண்டாவது அழைப்பு முடிந்தது. முதல் காவல் பிடிக்கவில்லை, புரோகிராம் ஓடி முடிந்தது.

"உங்க மெஷின்ல ஏதாவது பிரச்சினையா இருக்கலாம்" என்றார் மதுரன் சேர். "நான் காட்டுறேன், பாருங்க."

அவர் தன் திரையைக் காட்டினார். அதே புரோகிராம். முதல் அழைப்பில் ஒரு காவல், இரண்டாவதில் ஒரு காவல். இரண்டாவது 'மீதி' மாறியது, நின்றது. அவருடைய மௌஸ் மெதுவாக நகர்ந்து இரண்டாவது காவலுக்குப் பக்கத்திலிருந்த பெருக்கல் குறியை அமுக்கியது. அந்தக் காவல் போய்விட்டது. ஓடவிட்டார். முதல் காவல் அழகாகப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பார்த்தீங்களா? ஒழுங்கா நிக்குது."

மற்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் நான் அந்த மௌஸைப் பார்த்துவிட்டேன். சேர் ஒழுங்கான மனிதர். ஆள் இல்லாத அறையில் லைட்டை அணைத்துவிட்டுப் போகிறவர். வேலை முடிந்த காவலைத் தன் கையாலேயே எடுத்துவிடுகிறார். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

"சரிதானே டெல்சி?" என்றார்.

அந்தச் சொல் எனக்குள்ளிருந்து கிளம்பி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'ஆ' என்று வாய் திறந்தும்விட்டது. மேசைக்குக் கீழே என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன்.

"இல்லைங்க சேர்."

நிறுத்தினால் வாய் மறுபடி ஆமாங்க என்றுவிடும் என்று அதே மூச்சில் தொடர்ந்தேன்.

"ரெண்டாவது காவல நீங்க கையால எடுத்துட்டீங்க. எடுக்காதீங்க. அந்த அழைப்பு முடியிறப்ப அது தானாப் போகட்டும். இன்னொரு தடவ ஓட்டுங்க சேர்."

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓட்டினார். கை மௌஸிலிருந்து விலகியிருந்தது. இரண்டாவது அழைப்பு முடிந்தது, அதன் காவல் தானாக விலகியது. முதல் 'மீதி' மாறியது. அவருடைய கருவியும், அவருடைய மெஷினிலேயே, நிற்காமல் முடிவுவரை ஓடி முடிந்தது.

"ஓ" என்றார்.

பிறகு தனக்குத்தானே பேசுவது போல, "பேரை வைச்சு அழிச்சிருக்கேன். எந்த அழைப்புன்னு பார்க்காம 'மீதி'ன்னு பேர் இருக்கிற எல்லாக் காவலையும் சேர்த்து அழிச்சிருக்கேன்" என்றார். தலையைச் சொறிந்தார். தலைவர்களும் தலையைச் சொறிவார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப நேற்று ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

இதை அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். நல்ல பதிலாக ஒன்று தயார் செய்தும் வைத்திருந்தேன், சிக்னல் சரியில்லை, கேள்வி கேட்கவில்லை என்று. அது வரவில்லை.

"சேர் கேட்டீங்க. நீங்க கேட்டா ஆமாம்னு சொல்லணும்னு வாய்க்குப் பழகிப்போச்சுங்க. பிழை என் மேலதான்."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "கஜேன், டெல்சியோட நிரந்தரக் கடிதம் உங்ககிட்டயா இருக்கு?" என்றார்.

"இன்னும் அனுப்பல சேர்."

"இன்றைக்கே அனுப்புங்க. நான் கையெழுத்துப் போடுறேன்." பிறகு எல்லாரையும் பார்த்து, "இது சின்னத் திருத்தம்தான். இன்று மத்தியானமே செய்து தந்துடுவேன். வெள்ளிக்கிழமையே குடுத்துடலாம். சரிதானே?" என்றார்.

எல்லாரும் சரி என்றார்கள். எனக்கும் சரி என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? வேலை கிடைத்துவிட்டது, அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். கடிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. ஆனால் திருத்தியதை யார் பார்ப்பது? இரண்டு அழைப்பு போதாது, மூன்று, நான்கு என்று ஆழமாகப் போய்ப் பார்க்க வேண்டும். காவலைக் கையால் எடுத்தும் பார்க்க வேண்டும், எடுக்காமலும் பார்க்க வேண்டும். அதற்குள் மேகம் வேறு இறங்கும்.

"வெள்ளிக்கிழமை ஏலாதுங்க சேர்" என்றேன். "எனக்கு அடுத்த புதன்வரைக்கும் வேணும்."

மதுரன் சேர் எங்கேயோ பக்கத்தில் பார்த்தார், பள்ளிக்கூடங்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்திருப்பார்.

"சரி, புதன்" என்றார். கூட்டம் முடிந்தது.

முன்பக்கம் போய் வினோதாவிடம் சொல்லலாம் என்று எழும்பும்போது கஜேந்திரன் அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது.

"தங்கச்சி, ஏலாதுன்னு நீ சொல்றப்ப ஒன் தலை ஆமாம் ஆமாம்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் பாத்தோம். நான் எத எழுதிக்கிறது?"

"வாய் சொன்னத எழுதிக்கிங்க அண்ணே" என்று அனுப்பினேன். "தலை இனிமேத்தான் பழகணும்."